பின்சீட்டைக் கழற்றலாமா, மாமா?

கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் வழக்கமாக உட்காரும் மாமாக் கடை, அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. எதிரே அக்கா மகன், இரண்டாவது ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தான். "மாமா, அடுத்த மாசம் செப்பாங்ல டிராக் டே. காடிக்குள்ள இருக்கறத எல்லாம் கழட்டிப் போட்டா எவ்வளவு வேகம் கூடும்?" டிராக் டே என்றால் செப்பாங் பந்தயப் பாதையில் நம் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாள்.

"முதல்ல அந்த ரொட்டியைக் கீழ வை" என்றேன். சிரித்தான். நான் பாதி உண்மையாகத்தான் சொன்னேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அவனிடம் இருப்பது ஒரு மைவி, பெரொடுவாவின் சின்னக் கார். அதில்தான் வேலைக்குப் போகிறான், அதில்தான் என் அக்காவைக் கோயிலுக்கும் கிளினிக்குக்கும் அழைத்துப் போகிறான். மாதத் தவணையும் இன்னும் முடியவில்லை. என்னிடம் இருப்பது 1990களின் மூன்று கதவு புரோட்டோன் சத்ரியா. அதற்குள் இப்போது ஒரு சீட், ஒரு ஸ்டியரிங், கொஞ்சம் இரும்புக் குழாய், அவ்வளவுதான். சாலையில் ஓடுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. லோரியில் ஏறித்தான் செப்பாங் போகும். இரண்டுக்கும் ஒரே பதில் பொருந்தாது என்று அவனுக்குப் புரியவைக்க மூன்று தே தாரிக் செலவானது.

அவன் முன்னால் இருந்த வழிகள் மூன்று. காரின் உள்ளே எதையும் தொடாமல் அந்தப் பணத்தை டயரிலும் பிரேக்கிலும் போடுவது. காலையில் கழற்றி மாலையில் திரும்பப் பூட்டக்கூடியதை மட்டும் கழற்றுவது. இல்லையென்றால் இரும்பு தெரியும் வரை எல்லாவற்றையும் உரித்து, ரோல் கேஜ் (கார் உருண்டால் ஆளைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) வைத்து, அதைப் பந்தயக் காராகவே ஆக்கிவிடுவது. நான்காவதாக ஒன்றும் உண்டு. பாதி உரித்த காரை அன்றாடம் சாலையில் ஓட்டுவது. அதை யாரும் யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை, போய் விழுகிறார்கள். நானும் விழுந்தேன்.

முதலில் கணக்கு. மைவி ஏறத்தாழ ஒரு டன். ஓட்டுபவரையும் சேர்த்து 1,080 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 கிலோ குறைத்தால் 1,020. எஞ்சின் பழையதுதான், ஆனால் அது இழுக்கும் சுமை ஐந்தரை விழுக்காடு குறைந்துவிட்டது. 100 குதிரைத்திறன் எஞ்சினை 106 ஆக்கியதற்குச் சமம். இன்னும் சொல்லப்போனால் அதைவிட மேல். எஞ்சினில் கூட்டும் ஆறு குதிரை வேகம் எடுக்கும்போது மட்டும்தான் உழைக்கும். குறைத்த 60 கிலோவோ பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் சேர்ந்து உழைக்கும். பிரேக் சூடு குறையும், டயர் நிதானமாகத் தேயும். நேர்ப்பாதையின் முடிவில் எட்டும் உச்ச வேகம் மட்டும் பெரிதாகக் கூடாது. அங்கே காரைப் பிடித்து நிறுத்துவது காற்று.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1973இல் போர்ஷே தன் கரேரா ஆர்எஸ் காரின் இலேசான பதிப்பில் பின்சீட்டையே எடுத்துவிட்டு, கதவை இழுக்க ஒரு வார் மட்டும் வைத்தது. வசதிகளோடு வந்த பதிப்பைவிட ஏறத்தாழ 100 கிலோ குறைவு. ஹோண்டா தன் இன்டெக்ரா டைப் ஆரில் சத்தம் தடுக்கும் பட்டைகளைக் குறைத்து, முன்கண்ணாடியைக்கூட மெல்லியதாக்கியது. நம் புரோட்டோன் 1996 முதல் 2017 வரை சொந்தமாக வைத்திருந்த லோட்டஸ் நிறுவனமோ இலேசான கார் என்ற ஒரே எண்ணத்தின் மேல் எழுந்த நிறுவனம். சத்ரியா ஜிடிஐ வளைவில் அப்படி ஒட்டிக்கொண்டு போவதற்கு அவர்கள் கைதான் காரணம் என்று பழைய ஆட்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

சரி, எதை எடுத்தால் எவ்வளவு குறையும்? கடைக்காரரும் நண்பரும் சொல்வதை நம்பாதீர்கள். குளியலறை எடைமெஷின் போதும். முதலில் வெறுமனே ஏறி நில்லுங்கள், அப்புறம் பொருளைத் தூக்கிக்கொண்டு ஏறி நில்லுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். சத்ரியாவை உரித்தபோது ஒவ்வொன்றையும் அப்படித்தான் எடை போட்டேன். பூட்டில், அதாவது காரின் பின்பக்கச் சாமான் இடத்தில், பல வருடமாகச் சேர்ந்த குப்பை, குடை, பழைய எஞ்சின் ஆயில் புட்டி, பாய் எல்லாம் சேர்த்து 6 கிலோ. இரும்பு ரிம்மோடு ஸ்பேர் டயர் 13. ஜாக்கும் கருவிகளும் 3. பின்சீட்டின் உட்காரும் பகுதியும் சாயும் பகுதியும் 17. பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகை, அதில் பதித்த ஸ்பீக்கரோடு 4. பூட்டின் உள்பட்டைகள் 4. முன்பக்கம் பயணி உட்காரும் சீட் 15. கூட்டினால் 62 கிலோ.

இந்த 62 கிலோவுக்கு நான் செலவு செய்தது ஒரு வெள்ளிகூட இல்லை. 10, 12, 14 ஸ்பேனரும் ஒரு திருப்புளியும், ஒன்றரை மணி நேரமும் போதும். இரண்டாவது வழி என்று நான் சொல்வது இதைத்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதே போல்ட்டை அதே ஓட்டையில் மாட்டினால் கார் பழையபடி குடும்பக் காராகிவிடும். போல்ட்டை எங்கே வைத்தோம் என்பதுதான் ஒரே தொல்லை. அதற்கு நான் கண்டுபிடித்த வழி, சீட்டைத் தூக்கியதும் அதே போல்ட்டை அதே ஓட்டையில் இரண்டு சுற்றுத் திருகி அங்கேயே விட்டுவிடுவது.

ஒரு எச்சரிக்கை. புதிய கார்களில் முன்சீட்டுக்குக் கீழே மஞ்சள் நிற பிளக் இருந்தால் அது ஏர்பேக்கையோ சீட் பெல்ட்டை இறுக்கும் வெடிகுப்பியையோ சேர்ந்தது. பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருக்காமல் அதில் கை வைக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றியபடி சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பிக்கும், அதை அணைக்கக் கணினி வைத்திருக்கும் பட்டறைக்குத்தான் ஓட வேண்டும். அதனால் மருமகனிடம் முன்சீட்டு இரண்டையும் தொடாதே என்றேன். சொல்லிக்கொடுக்க யாராவது பக்கத்தில் உட்காரவும் அந்த சீட் வேண்டும். முதல் டிராக் டேயில் பக்கத்தில் உட்காரும் அனுபவசாலி, வெளியே எடுத்த 15 கிலோவைவிட அதிக விநாடியைக் குறைப்பார்.

இன்னொரு இலவச எடை பெட்ரோல். ஒரு லிட்டர் ஏறத்தாழ முக்கால் கிலோ. 40 லிட்டர் டேங்கை நிரப்பிக்கொண்டு சுற்றினால் 30 கிலோவைச் சும்மா தூக்கிக்கொண்டு சுற்றுகிறோம். பாதிக்கும் கீழே வைத்துக்கொண்டால் 15 கிலோவுக்கு மேல் மிச்சம். ரொம்பவும் குறைக்கவும் கூடாது. நீண்ட வளைவில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கி எஞ்சின் இருமும்.

இப்போது மூன்றாவது வழி. இளைஞர்களைக் கவர்வது இதுதான், வெறும் இரும்பும் பெயின்ட்டும் தெரியும் அந்த உட்புறம் பார்க்கவே பந்தயம் மாதிரி இருக்கும். என் சத்ரியாவில் அந்த 62 கிலோவுக்கு மேல் என்னென்ன போனது என்று சொல்கிறேன். தரைக் கார்பெட் 7 கிலோ. கார்பெட்டுக்கு அடியில் இரும்போடு ஒட்டியிருந்த கறுப்புத் தார்ப்பட்டை 6. கதவின் உள்பட்டைகள் 4. ஓட்டுநர் சீட்டுக்குப் பதில் ஃபைபர் பக்கெட் சீட் போட்டதில் 8. ஏர்கோன் முழுவதும், அதாவது கம்ப்ரசர், கண்டென்சர், குழாய், உள்ளே இருக்கும் குளிர்ப்பெட்டி எல்லாம் சேர்த்து 17. ஈயப் பேட்டரிக்குப் பதில் லித்தியம் பேட்டரி வைத்ததில் இன்னொரு 8. மொத்தம் இந்தப் பகுதியில் 50. முதலில் குறைந்த 62ஐயும் சேர்த்தால் 112 கிலோ.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? இப்போது கேஜை எடை போடுங்கள். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதியில் பிரதான வளையத்துக்குக் கேட்பது 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட தையலில்லாக் குழாய், இல்லையென்றால் 50க்கு 2. முதல் வகைக் குழாய் மீட்டருக்கு 2.6 கிலோ. மற்ற கம்பிகளுக்கு 38 மில்லிமீட்டர் போதும், அது மீட்டருக்கு 2.2. கதவுக் குறுக்குக் கம்பிகளோடு ஒரு சின்னக் காருக்கே 14, 15 மீட்டர் குழாய் போகிறது. என் கேஜ் 34 கிலோ. 112இல் 34 போனால் 78.

அதாவது ஒன்றரை மணி நேரத்தில் இலவசமாகக் கிடைத்த 62 கிலோவுக்கு மேல், மாதக்கணக்கில் உழைத்து ஆயிரக்கணக்கான வெள்ளியைக் கொட்டி நான் கூடுதலாகச் சம்பாதித்தது 16 கிலோ. நான் அந்த ரொட்டிகளை நிறுத்தியிருந்தாலே பாதி வந்திருக்கும்.

ஆனால் கேஜ் வைத்ததற்காக நான் வருத்தப்படவில்லை. காரின் உடம்பு முறுக்காமல் நிற்கிறது, உருண்டால் உயிர் மிஞ்சும். கேஜைப் பற்றவைக்க வேண்டுமென்றால் கார்பெட், தார்ப்பட்டை, வயர் எல்லாம் வெளியே வந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தீப்பொறி பட்டு எரியும். முழுதாக உரிப்பதன் உண்மையான காரணம் அதுதான். உரித்ததால் கிடைக்கும் எடை, கேஜின் எடையைச் சமாளிக்கக் கிடைத்த போனஸ்.

தார்ப்பட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், எல்லாரும் கேட்கிறார்கள். ஹீட் கன் வைத்து இளக்கிச் சுரண்டலாம். கை முழுக்க ஒட்டும், மூன்று நாள் போகும். டிரை ஐஸை (உறைந்த கரியமில வாயு) பரப்பினால் 10, 15 நிமிடத்தில் பட்டை கல்லாக உறைந்து, ரப்பர் சுத்தியலால் தட்டினால் அப்பளம் மாதிரி நொறுங்கி வரும். டிரை ஐஸ் மைனஸ் 78 டிகிரி, வெறும் கையில் தொட்டால் தோல் போய்விடும். அதிலிருந்து ஆவியாகி வரும் கரியமில வாயு தரையோடு தேங்கும், அதனால் கதவுகளைத் திறந்து வைத்து வெளியில்தான் செய்ய வேண்டும். இரண்டு முறையிலும் சுரண்டும்போது பெயின்ட் கீறும். நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு அந்தக் கீறல் சீக்கிரமே துருவாகிவிடும். அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள். ஆறு கிலோவுக்கு இத்தனை பாடு.

ஏர்கோனை எடுப்பதா வேண்டாமா என்பதில் எனக்கும் என் பொமனுக்கும் (கார் மெக்கானிக்) இன்னும் சண்டை ஓயவில்லை. 17 கிலோ, அதிலும் பெரும்பகுதி காரின் மூக்கில் இருக்கும் எடை. முன்சக்கர இழுப்புக் காரில் அந்த இடத்தில் குறைப்பது தங்கம். ஆனால் செப்பாங்கில் மதியத்துக்கு மேல் மழை எப்படி வரும் என்று தெரியும்தானே. 2009 மலேசிய கிராண்ட் பிரீயே பெருமழையில் பாதியில் நின்று, பாதிப் புள்ளிதான் கொடுத்தார்கள். அந்த மழையில் ஏர்கோன் இல்லாத காரின் கண்ணாடி உள்ளே புகை படிந்தது போல் மூடிக்கொள்ளும். ஏர்கோன் காற்றை உலர்த்துவதால்தான் கண்ணாடி தெளிகிறது. அதனால் ஏர்கோனை எடுத்தாலும் புளோவரையும் ஹீட்டரையும் எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். ஒரு மழையில், ஒரு கையால் துணி பிடித்துத் துடைத்துக்கொண்டே இரண்டு சுற்று ஓட்டிவிட்டு, அடுத்த வாரமே பழைய புளோவர் ஒன்றைத் தேடிப் போட்டேன்.

டாஷ்போர்டை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக்குக்குப் பின்னால் ஓடும் இரும்புக் குறுக்குக் கம்பியில்தான் ஸ்டியரிங் தூண் தொங்குகிறது. அதை எடுக்கவே கூடாது.

எடை எவ்வளவு குறைந்தது என்று மட்டும் பார்ப்பவர்கள், எங்கிருந்து குறைந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். சுலபமாகக் கழற்றக்கூடியதெல்லாம் காரின் பின்பாதியில் இருக்கிறது. ஆயிரம் கிலோ கார், முன்சக்கரங்களில் 620, பின்சக்கரங்களில் 380 என்று வையுங்கள். ஸ்பேர் டயர், பின்சீட்டு, பூட் பட்டை என்று 50 கிலோ எடுத்தால் அதில் பெரும்பங்கு பின்சக்கரத்திலிருந்துதான் போகும். மிச்சம் 340 போல. பிரேக் பிடித்தால் எடை இன்னும் முன்னால் சாயும், பின்பக்கம் கிட்டத்தட்டக் காற்றில் மிதக்கும்.

செப்பாங்கின் 5.543 கிலோமீட்டரில், 15 வளைவுகளில், இதை அம்பலப்படுத்தும் இடம் ஒன்று உண்டு. 13ஆம் வளைவில் வலப்பக்கம் திரும்பிக்கொண்டே 14க்காகப் பிரேக் பிடிக்க வேண்டும். முதல்முறை பின்பக்கத்தைக் காலி செய்துவிட்டுப் போனபோது, அதுவரை சாதுவாக இருந்த என் கார் அங்கே வாலை ஆட்டியது. நான் ஓட்டத் தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்த நாள்கள் அவை. முழுதாகத் திரும்பி, வந்த திசையைப் பார்த்து நின்றேன். காலி செய்த பிறகு பின்சஸ்பென்ஷன் சற்று மேலே எழும்பி நிற்கும், அலைன்மென்ட்டும் மாறும். இதைத் தெரிந்துகொண்டு பின் டயரின் காற்றைச் சரிசெய்து ஓட்டினால், முன்சக்கரக் கார் வளைவுக்குள் நன்றாகவே மூக்கை நுழைக்கும். தெரியாமல் போனால், அதுவும் நனைந்த பாதையில் போனால், சறுக்கல்தான்.

நான்காவது வழிக்கு வருகிறேன். கேஜ் வைப்பதற்கு முன், ஒரு வருடம் போல, சத்ரியாவை உரித்த நிலையிலேயே அன்றாடம் ஓட்டினேன். அந்தக் கூத்தை ஆரம்பித்து வைத்தது ஒரு பட்டறை. கார்பெட்டைக் கவனமாக எடுத்து வையுங்கள், திரும்பப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். கியர் கன்சோலுக்கு அடியில் கார்பெட் மாட்டிக்கொண்டதாம், கன்சோலைக் கழற்றச் சோம்பல், கத்தியால் நடுவில் இரண்டாகக் கிழித்து எடுத்திருந்தார்கள். கிளிப்புகளில் பாதியைக் காணோம். திரும்பப் போட வழியில்லை, சரி இப்படியே ஓட்டுவோம் என்று விட்டுவிட்டேன்.

கார்பெட் வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். கீழே ஓடும் எக்ஸாஸ்டின் சூடு நேராகக் காலுக்கு வந்தது. ஜாலான் ஈப்போ நெரிசலில் அரை மணி நின்றால் ஷூ இளகும் போலிருக்கும். அப்போது ஏர்கோன் இருந்தது, ஆனால் சூட்டைத் தடுக்க ஒன்றும் இல்லாததால் அது குளிர்விக்கத் திணறியது. சக்கரம் தெறிக்கும் ஒவ்வொரு கல்லும் காதுக்குள் விழுந்தது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும்போது என் மனைவி, "காவடி தூக்குறவங்களுக்குக்கூட இவ்வளவு வேண்டுதல் இல்லை" என்றாள். அன்று அவள் இறங்கிக் கொமுட்டர் பிடித்துத்தான் வீட்டுக்குப் போனாள்.

வசதிக் குறைச்சலோடு போகிற விஷயமும் இல்லை. கிரானில், அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழில், எத்தனை இருக்கை என்று பதிவாகியிருக்கிறதோ அதை மாற்ற சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் அனுமதி வேண்டும். பின்னால் உட்காருபவர்களுக்கு சீட் பெல்ட் 2009 ஜனவரி 1 முதல் கட்டாயம். சீட்டே இல்லாத இடத்தில் ஆளை உட்கார வைத்துவிட்டு விளக்கம் சொல்ல முடியாது. மாற்றம் செய்ததைக் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டால், விபத்து நாளில் அவர்களுக்குக் கை விரிக்க ஒரு காரணம் கிடைக்கும். சாதாரண மோட்டார் காப்புறுதி பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். செப்பாங்கில் சுவரில் மோதினால் செலவு முழுக்க நம் பையிலிருந்துதான். கேஜோடு சாலையில் ஓட்டுவது இன்னும் மோசம். டிராக்கில் ஹெல்மெட்டும், ஆளை சீட்டோடு இறுக்கிக் கட்டும் ஆறு முனை ஹார்னஸும் இருப்பதால் தலை பெரும்பாலும் தப்பும். சாலையில் வெறுந்தலையோடு போகும்போது, சின்ன மோதலிலேயே அந்தக் குழாய் மண்டையைப் பதம் பார்க்கும்.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் நீங்கள் சேரப்போகும் பிரிவின் விதியைப் படியுங்கள். சில பிரிவுகளில் உட்புறம் கம்பெனி கொடுத்தபடியே இருக்க வேண்டும். பல பிரிவுகளில் ஓட்டுநரோடு சேர்த்துக் குறைந்தபட்ச எடை உண்டு. அதற்குக் கீழே போனால் ஈயக் கட்டியைப் போல்ட் போட்டு ஏற்றச் சொல்வார்கள். உரித்த காருக்கு அதிலும் ஒரு லாபம் இருக்கிறது. கூரையருகே இருந்த எடையை எடுத்து, அதே எடையைத் தரையில் வைக்கலாம். ஆனால் அந்த அளவுக்குக் கணக்குப் பார்ப்பவர் இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்.

முதல் வழியைப் பற்றிப் பேச அதிகம் இல்லை, ஏனென்றால் அது சலிப்பான வழி, சரியான வழியும்கூட. நல்ல பிரேக் பேட், புது பிரேக் ஆயில், ஒரு செட் நல்ல டயர். 62 கிலோவைக் கழற்றியபோது என் சுற்று நேரம் ஏறத்தாழ இரண்டு விநாடி குறைந்தது. டயரை மாற்றியபோது நான்கு. ரிம் மாற்றும்போது ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ குறைவதாகப் பார்த்து வாங்கினால் அதுவும் சேரும். சுழலும் எடை, சும்மா கிடக்கும் எடையைவிட அதிகம் தொல்லை தரும். பிரேக் ஆயிலை மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். பழைய ஆயில் நம் ஊர் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும், பின்நேர்ப்பாதை முடிந்து 15ஆம் வளைவில் மிதிக்கும்போது பெடல் தரையைத் தொடும்.

மருமகனுக்கு நான் சொன்னது முதல் வழியும், இரண்டாவதில் பாதியும். பேட், ஆயில், டயர். பூட்டைக் காலி செய். பின்சீட்டை செப்பாங் போய்ச் சேர்ந்த பிறகு கழற்று. ஸ்பேர் டயரை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதே, நெடுஞ்சாலையில் பஞ்சர் ஆனால் மிச்சம் பிடித்த 13 கிலோ உன்னைப் பார்த்துச் சிரிக்கும். அதையும் அங்கே போய் இறக்கு, திரும்பும்போது ஏற்று.

அப்படியே செய்தான். பின்சீட்டைக் கழற்றி, கான்வாஸ் போட்டு மூடி வைத்திருக்கிறான். மூன்று மணிக்கு மழை, கான்வாஸைக் காற்று தூக்கிப் போட்டுவிட்டது. பஞ்சு குடித்த தண்ணீரோடு அந்த சீட் நிச்சயம் 17 கிலோவுக்கு மேல் இருந்திருக்கும். இரண்டு நாள் வாசலில் காய்ந்துகொண்டிருந்தபோது அக்கா எனக்குப் போன் போட்டாள். "டேய், நாளைக்கு எனக்குக் கிளினிக் போகணும். உன் மருமகன் முன்சீட்டையாவது விட்டு வச்சிருக்கானா?"